மட்டம் அறிந்து வாய்க்கால் வெட்டுவோம்

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பது எம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அணையை எப்பொழுது போடவேண்டும் என்பதை அப்பழமொழி சொல்லுகின்றது. எங்கே போடவேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அதனைச் சொல்ல வல்லது நிலத்தின் மட்டம் ஒன்றே. மேடு எது, பள்ளம் எது, ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் இடையே நிற்கும் மேட்டின் உயரம் எத்துணை என்பவற்றை அளந்தறியாமல் இடப்படும் அணை ஒருவர் வளவைக் காத்து மற்றொருவர் வளவை மூழ்கடிக்கும். அவ்வாறே வெட்டப்படும் வாய்க்காலும் நீரைக் கொண்டு செல்லாது, தேக்கி வைக்கும். கல்லூரியின் விழா மலரில் இத்தகைய பொருளைப் பற்றி எழுதுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். கல்லூரியின் பழம்பெருமையைப் பேசுதற்குப் பலர் உளர். அக்கல்லூரி நிற்கும் நிலத்தைப் பற்றியும் ஒருவர் பேசுதல் தகும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

நீர்வேலி, யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, கோப்பாய்க்கு வடக்கே, சிறுப்பிட்டிக்குத் தெற்கே அமைந்த ஊர். ஊரின் பெயரிலே நீரும் உண்டு, வேலியும் உண்டு. பெயர்க்காரணத்தைப் பண்டிதர்கள் ஆராய்க. நிலக்காரணத்தையே நாம் ஈண்டு ஆராய்கின்றோம். ஒருபுறம் வாழைக்குப் பெயர்பெற்ற செம்மண் தோட்டங்கள். கிழக்கே நிலம் சிறிது சிறிதாகத் தாழ்ந்து, வயலும் தரவையுமாகி, உப்பாற்றுக் கடலேரியை நோக்கிச் செல்லும். குடாநாட்டின் மிகப் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 10 மீற்றர் உயரத்துக்கு உட்பட்டதே. எமக்கு மலையில்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. வலிகாமத்தின் மேற்கிலே மாரியில் மட்டும் ஓடி அராலியிற் கடலேரியோடு கலக்கும் வழுக்கையாறு உண்டு. எம் பகுதிக்கு அதுதானும் இல்லை. ஆதலின் எமது வெள்ளம் மலைநாட்டு வெள்ளம்போல ஓடிவந்து அடித்துச் செல்வதன்று. நின்ற இடத்தில் ஏறுவது. ஓடும் வெள்ளம் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். நிற்கும் வெள்ளத்துக்கு மனிதரே வழிகாட்டல் வேண்டும். இத்தகைய நிலத்தில் ஒரு சாண் உயர வேறுபாடே ஒரு வீட்டின் அடுப்பு எரிவதையும் அணைவதையும் தீர்மானிக்கின்றது.

2008 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நிஷாப் புயலோடு வந்த மழையை எம்முள் எவரும் மறந்திரார். 1918 ஆம் ஆண்டுக்குப் பின்னர் அத்தகைய மழை யாழ்ப்பாணத்திற் பதிவானதில்லை என்று அக்காலத்தில் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னர் 2020 டிசெம்பரிலே புரெவிப் புயல். 2024 நவம்பரிலே, பின்னர் ஃபெங்கல் எனப் பெயர்பெற்ற தாழமுக்கம். 2025 நவம்பரிலே இலங்கை முழுவதையும் உலுக்கி 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்த டிட்வாப் புயல். இவ்வாண்டுகளின் இடைவெளியை நோக்குவார்க்கு, அடுத்த மாரி வரட்டும் பார்ப்போம் என்றிருத்தல் அறிவுடைமை அன்று என்பது தானே விளங்கும்.

ஒவ்வொரு வெள்ளத்தின் பின்னும் வாய்க்கால் வெட்டவேண்டும், மதகு கட்டவேண்டும் என்ற குரல் எழுகின்றது. அது நியாயமான குரலே. எந்த மட்டத்தில் வெட்டுவது, எந்த அளவிற் கட்டுவது என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. அக்கேள்வியை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்காலத்துப் பொறியியலாளர் வெள்ளத்தை முன்கூட்டிக் காண்பதற்குக் கணினியிலே ஒரு மாதிரி அமைக்கின்றனர். நிலத்தைச் சதுரங்கப் பலகைபோலக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரத்தை எண்ணாகக் கொடுப்பர். அதன்மேல் இத்தனை மணி நேரத்துக்கு இத்தனை மில்லிமீற்றர் மழை என்று பெய்விப்பர். உயர்ந்த கட்டத்திலுள்ள நீர் தாழ்ந்த கட்டத்துக்கு எவ்வளவு வேகத்திற் செல்லும், எங்கே நிற்கும், எவ்வளவு ஆழத்துக்கு ஏறும் என்பவற்றைக் கணினி கணித்துக் காட்டும். இக்கணக்கைச் செய்யும் மென்பொருளுக்கு இன்று பஞ்சமில்லை. அமெரிக்க இராணுவப் பொறியியற் படையினர் வெளியிட்ட ஹெக்-ராஸ் என்னும் மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். நீரின் விதிகள் உலகெங்கும் ஒன்றே. ஊருக்கு ஊர் வேறுபடுவது அக்கட்டங்களில் இடப்படும் உயரமே. உயரம் பிழைத்தால் மாதிரியும் பிழைக்கும். பிழையான மாதிரி மாதிரியே இல்லாமையிலும் தீயது. வண்ணப் படத்தோடு அச்சாகிவரும் பிழையை எவரும் ஐயுறுவதில்லை.

நிற்க, அவ்வுயரங்கள் எங்கிருந்து கிடைக்கின்றன? விண்ணிலிருந்து எடுக்கப்பட்டு, உலகம் முழுவதற்கும் பொதுவாக வெளியிடப்பட்ட தரவுகள் பல உள்ளன. 2000 ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டெவர் என்னும் அமெரிக்க விண்ணோடம் 11 நாட்கள் பூமியை வலம்வந்து ராடாரினால் அளந்த உயரங்கள் அவற்றுட் பெயர்பெற்றவை. பின்னர் ஜெர்மானியச் செய்மதிகள் இரண்டு இணைந்து பறந்து அளந்தவற்றிலிருந்து கொப்பர்னிக்கஸ் என்ற பெயரால் ஐரோப்பியர் வெளியிட்ட தரவு அதனினும் திருத்தமானது. இவை மனித குலத்துக்குக் கிடைத்த பெருங்கொடைகள். ஆயினும் அவற்றை அப்படியே எடுத்து நீர்வேலியின் வெள்ளத்துக்குக் கணக்குப் பார்ப்பது, நெல்மூடை நிறுக்கும் தராசிலே தாலிப்பொன்னை நிறுப்பதுபோலாம். முன்னைய தரவின் உயரப்பிழை 16 மீற்றருக்கு மேற்படாதிருத்தல் வேண்டும் என்பதே அதற்கு வகுத்த இலக்கணம். பின்னையதன் பிழை பத்தில் ஒன்பது இடங்களில் 4 மீற்றருக்கு உட்பட்டது. கண்டிக்கு 4 மீற்றர் ஒரு பொருட்டன்று. நிலமே சில மீற்றர் உயரமுள்ள எமக்கோ அது முழு முதலுமாகும்.

ஆதலின் உயரத் தரவைப் பயன்படுத்துமுன் பண்படுத்தல் வேண்டும். விதைப்பதற்கு முன் நிலத்தை உழுது, கல் பொறுக்கி, வரம்பு கட்டுவது போன்றது அது. எம் ஊரளவில் அப்பண்படுத்தல் யாது என்பதை ஐந்து வகையாகக் கூறலாம்.

முதலாவது, பூச்சியம் எது என்று தீர்மானித்தல். ஜீ.பீ.எஸ். கருவி நேராகத் தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து எடுத்ததன்று. பூமியைச் சற்றே தட்டையான சீரான கோளமாகக் கற்பித்துக்கொண்டு அதன் பரப்பிலிருந்து எடுத்தது. பூமியின் ஈர்ப்பு எங்கும் ஒரே தன்மையது அன்று. ஆதலின் உண்மையான கடல்மட்டம் அக்கற்பனைப் பரப்புக்கு மேலும் கீழுமாகச் செல்லும். உலகிலேயே அது மிகத் தாழ்ந்து, ஏறத்தாழ 106 மீற்றர் கீழே இறங்கும் இடம் இலங்கைக்குத் தென்மேற்கே இந்து சமுத்திரத்தில் உள்ளது. அதன் அயலிலிருக்கும் எம் குடாநாட்டிலும் அவ்வேறுபாடு ஏறத்தாழ 90 மீற்றர். திருத்தம் செய்யாத கருவியைக் கேட்டால், நீர்வேலி கடலுக்கு அடியில் 80, 90 மீற்றர் ஆழத்திற் கிடக்கின்றது என்று கூசாமற் கூறும். இத்துணைப் பெரும்பிழையை எவரும் கண்டுகொள்வர். சிறு பிழைகளிலேதான் ஆபத்து உள்ளது. ஒரு தரவை ஒரு முறையாலும் மற்றொன்றை வேறொரு முறையாலும் திருத்திக் கலந்துவிட்டால், முழங்கால் அளவு வேறுபாடு ஓசையின்றி உள்ளே புகுந்துவிடும். இதற்கு மருந்து ஒன்றே. 1800 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டை அளந்துவரும் நில அளவைத் திணைக்களத்தின் மட்டக்குறிக் கல்லொன்றோடு எம் உயரங்கள் அனைத்தையும் இணைத்தல் வேண்டும்.

இரண்டாவது, மரத்தையும் வீட்டையும் நீக்கித் தரையைக் காணல். விண்ணிலிருந்து வரும் ராடார் அலை தரையை மட்டும் தொட்டு மீள்வதன்று. பனந்தோப்பின் மேல் விழுந்தால், முடிக்கும் அடிக்கும் இடையே ஏதோ ஓர் உயரத்தைத் தரும். வீடுகள் நெருங்கிய இடத்திற் கூரையைத் தரையாகக் காட்டும். வளர்ந்த பனையோ எம் நிலத்தின் உயரத்தைப்போலப் பன்மடங்கு உயரமுடையது. ஆகவே தோப்பெல்லாம் குன்றாகவும், வெட்டவெளியான வயலெல்லாம் பள்ளத்தாக்காகவும் தோன்றும். இப்பிழை எமக்கு மட்டும் உரியதன்று. 2019 இல் அமெரிக்காவின் கிளைமேட் சென்ட்ரல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் இப்பிழையைத் திருத்திக் கணக்கிட்டனர். உயர்நீர் மட்டத்துக்குக் கீழே வாழ்வோர் உலகில் 2.8 கோடியினர் என்று பழைய தரவு காட்டியது. திருத்திய தரவு 11 கோடியினர் என்று காட்டிற்று. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட மக்களின் ஆபத்தை மரங்களும் கூரைகளும் மறைத்து நின்றன. 2022 இல் பிறிஸ்ரல் பல்கலைக்கழகத்தினர் மரங்களையும் கட்டடங்களையும் கணிப்பினால் நீக்கிய ஒரு தரவை வெளியிட்டுள்ளனர். அது நல்ல தொடக்கம், முடிவன்று.

மூன்றாவது, கட்டத்தின் அளவு. மேற்கூறிய தரவுகளில் ஒரு கட்டம் 30 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் உடையது. எமது கணக்கிற் சொன்னால் அது ஏறத்தாழ மூன்றரைப் பரப்பு. மூன்றரைப் பரப்புக்கு ஒரே ஓர் உயரம்! அதற்குள் ஒரு வீடு, ஒரு கிணறு, ஓர் ஒழுங்கை, ஒழுங்கையோரத்து வெள்ளவாய்க்கால் அனைத்தும் அடங்கிவிடும். வாய்க்காலின் ஆழத்தையும் வீட்டின் படியையும் கூட்டிச் சராசரி காண்பதாற் பயன் யாது? நகரவெள்ளத்தை ஆராய்வோர் ஓரிரு மீற்றர் அளவான கட்டங்களையே வேண்டுவர். விமானத்திலிருந்து லேசர்க் கதிரைப் பாய்ச்சி அளக்கும் லைடார் முறை, இலைகளின் இடைவெளியூடே தரையைத் தொட்டு, 10, 15 சென்ரிமீற்றர் பிழைக்குள் உயரத்தைத் தரவல்லது. கடலிலும் தாழ்ந்த நிலத்தையுடைய நெதர்லாந்து 1990 களின் பிற்பகுதியிலிருந்து தன் நாடு முழுவதையும் இவ்வாறு மீண்டும் மீண்டும் அளந்து வருகின்றது. இங்கிலாந்தும் தன் லைடார் உயரங்களை 2015 முதல் எவரும் எடுத்தாளும்படி வெளியிட்டு வருகின்றது. அந்நாட்டு மாணவன் தன் வீட்டு முற்றத்தின் உயரத்தைக் கணினியில் இலவசமாகக் காணலாம். எம் மாணவனுக்கும் அவ்வசதி வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

நான்காவது, மதகைத் திறத்தலும் மதிலை எழுப்புதலும். போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் பின் எம் பகுதி வீதிகள் பல காப்பற் வீதிகளாயின. ஒவ்வொரு முறை போடும்போதும் வீதி சிறிது உயர்கின்றது. அயல் வளவு உயர்வதில்லை. இவ்வாறு வீதியே அணையாகின்றது. அவ்வணையின் கீழே நீர் செல்லும் வழி மதகு ஒன்றே. மேலிருந்து நோக்கும் கருவிக்கு வீதி தெரியும், மதகு தெரியாது. ஆதலின் கணினியில் வீதி முழுச்சுவராக நின்று நீரை மறிக்கும். தரவைப் பண்படுத்துவோர் ஒவ்வொரு மதகையும் நேரிற் சென்று கண்டு, அதன் அகலத்தையும் அடிமட்டத்தையும் அளந்து, கணினியில் அவ்விடத்தைத் திறந்துவிடல் வேண்டும். குப்பையும் மண்ணும் அடைத்த மதகாயின் அதனையும் குறித்தல் வேண்டும். தாளிலே திறந்து தரையிலே மூடிய மதகு எவர்க்கும் பயன்படாது.

மதிலின் கதையோ இதற்கு நேர்மாறு. முன்னாளிலே எம்மூர் வளவுகளைக் காத்தவை கிடுகு வேலியும் பனையோலை வேலியும். அவை ஆளை மறித்தன, நீரை மறித்தில. மாரிவெள்ளம் வேலியின் அடியால் ஊர்ந்து, வளவுக்கு வளவு பரந்து, நிலத்திற் சுவறிற்று. இன்று அவ்வேலிகளின் இடத்திலே சீமெந்து மதில்கள் நிற்கின்றன. ஒரு சாண் தடிப்பான மதில் எக்கட்டத்துள்ளும் அகப்படாது மறைந்துவிடும். ஆனால் மழைநாளிலே ஒழுங்கையை ஆறாக்குவது அதுவே. ஒவ்வொருவரும் தம் வளவைக் காக்கக் கட்டிய மதில் அனைவரின் வெள்ளத்தையும் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்கு அனுப்புகின்றது. அக்கடைசி வீடு பெரும்பாலும் தாழ்நிலத்தை மலிவாக வாங்கிய ஏழையின் வீடாகவே இருக்கும். மாதிரி அமைப்போர் மதில்களைத் தனிக்கோடுகளாகச் சேர்த்தாலன்றி இவ்வநீதி கணக்கில் வாராது.

ஐந்தாவது, பள்ளத்தைப் பள்ளமாகவே விடுதல். இஃதே எமக்கு மிக முக்கியமானது. கணினியில் உயரத் தரவைப் பண்படுத்துவோரிடம் ஒரு வழக்கம் உண்டு. நாற்புறமும் மேடு சூழ்ந்த பள்ளங்களைப் பிழையெனக் கருதி, ஒரே கட்டளையால் அனைத்தையும் நிரப்பிவிடுவர். அவ்வாறு செய்தால் நீர் தடையின்றி ஆற்றை நோக்கி ஓடும். மலையும் ஆறும் உள்ள நாட்டுக்கு அம்முறை பொருந்தும். சுண்ணக்கல்லின் மேல் அமைந்த எம் குடாநாட்டுக்கோ பள்ளமே உயிர்நிலை. குடாநாட்டிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள் உண்டென்பர். குளம், கேணி, தரவை, மோட்டை என எத்தனை பெயர்! அவை ஒவ்வொன்றும் மாரி நீரை வாங்கி, மெல்ல மெல்லக் கீழே இறக்கி, உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீரை வளர்க்கின்றன. அந்நன்னீரே எம் கிணற்று நீர்; அதுவே எம் வாழைக்கும் வெங்காயத்துக்கும் பாயும் நீர். கணினியிற் குளத்தை நிரப்பியவன் அக்குளம் தாங்கும் வெள்ளத்தை வாய்க்காலின் தலையிற் சுமத்துகின்றான். அக்கணக்கின்படி வாய்க்கால் பெருக்கும். குளமோ தேவையற்றதாகத் தோன்றும். தாளில் நிரம்பிய குளத்தைத் தரையில் நிரப்ப மண் லொறி வருதற்கு நெடுநாள் செல்லாது.

வெள்ளத்தை விரைவாகக் கடலுக்கு ஓட்டிவிடுவதே வெள்ளத் தடுப்பு என்று எண்ணுவோரும் உளர். ஆறில்லாத நாட்டில் அவ்வெண்ணம் தற்கொலைக்கு ஒப்பானது. கார்த்திகையிற் கடலுக்கு விட்ட நீரை ஆனியிலே எங்கே தேடுவது? எந்த நீரை வடியவிடுவது, எந்த நீரை நிறுத்திவைப்பது என்று பகுத்தறிவதற்கும் மட்டம் அறிந்திருத்தல் வேண்டும். பொறியியலாளர் ச. ஆறுமுகம் அவர்கள் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டத்தை வகுத்தபோது இந்நோக்கையே கொண்டிருந்தார். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் அமைத்துக் கடல்நீரை வெளியே நிறுத்தி, ஆனையிறவுக் கடலேரியின் நன்னீரை வடமராட்சிக் கடலேரிக்கும் உப்பாற்றுக் கடலேரிக்கும் கொண்டுவருதல் அத்திட்டத்தின் சாரம். சில அங்குல மட்ட வேறுபாட்டை நம்பி நீரை இயக்க எண்ணிய திட்டம் அது. எம் ஊரின் கிழக்கெல்லையில் மழைநீர் எவ்வளவு விரைவில் வடியும் என்பது, உப்பாற்றுக் கடலேரியின் நீர்மட்டத்தையும் அரியாலை அணையின் கதவுகளையும் பொறுத்தது. ஆதலின் நீர்வேலிக்கு அமைக்கும் மாதிரி நீர்வேலியின் எல்லையோடு நின்றுவிடல் ஆகாது. கடலேரியின் மட்டத்தையும் உடன்கொண்டு கணித்தல் வேண்டும்.

இனி, இதற்கு எதிராகக் கூறப்படும் இரண்டொரு கூற்றுக்களை ஆராய்வோம். எங்கள் பெரியவர்களுக்குத் தெரியாத மட்டமா, இதற்குக் கணினி எதற்கு என்று கேட்போர் உளர். பெரியவர்களின் அறிவை நாம் குறைத்து மதிப்பவர் அல்லேம். எம் அயலூர்ப் பெயர்களை நோக்குக. சிறுப்பிட்டியிற் பிட்டி மேட்டைக் குறிக்கும். நாவற்குழியிற் குழி பள்ளத்தைக் குறிக்கும். எம்மூரிலே பிள்ளையார் எழுந்தருளியிருக்கும் இடத்தின் பெயர் வாய்க்காற்றரவை. வாய்க்காலும் தரவையும் அப்பெயரிலேயே உள்ளன. பெயரிட்ட முன்னோர் மட்டம் பார்த்தே பெயரிட்டனர் போலும். சென்னைமாநகரிலே முகப்பேர் ஏரித் திட்டம், அம்பத்தூர் ஏரித் திட்டம் என்ற பெயர்களோடு குடியிருப்புக்கள் இன்றும் உள்ளன. ஏரி போயிற்று, பெயர் இருக்கின்றது. 2015 டிசெம்பரில் அம்மாநகரை மூடிய வெள்ளம், நீரின் பழைய இடங்களை மனிதர் மறந்தாலும் நீர் மறவாது என்பதைக் காட்டிற்று. ஆகவே பழைய அறிவு வேண்டும். ஆயினும் அஃது ஒன்றே போதாது. பெரியவர்கள் அறிந்தது வேலிகள் இருந்த ஊர். இன்றிருப்பது மதில்களின் ஊர். அவர்கள் அறிந்தது தாழ்ந்த வீதி. இன்றிருப்பது உயர்ந்த வீதி. அவர்களின் நினைவையும் இன்றைய அளவையும் ஒன்றோடொன்று ஒப்புநோக்கினாலன்றி உண்மை புலப்படாது.

இஃது அரசாங்கத்தின் வேலை, எமக்கேன் என்பது மற்றொரு கூற்று. லைடார் விமானத்தை அனுப்புவது அரசாங்கத்தின் வேலையே. அதனை நாம் வற்புறுத்திக் கேட்டல் வேண்டும். ஆனால் விமானம் மதகுக்குள் நுழைந்து பாராது. 2008 இல் எவர் வீட்டுச் சுவரில் எம்மட்டத்துக்கு நீர் நின்றது என்று கேளாது. அவற்றை ஊரவரே சொல்லல் வேண்டும். வேறு சிலர் வெளிப்படையாகச் சொல்லாத அச்சம் ஒன்றும் உண்டு. தாழ்நிலம் என்று படத்திற் குறித்துவிட்டால் காணியின் விலை விழுந்துவிடுமே என்பது அது. அவ்வச்சத்தை நாம் எள்ளுவதற்கில்லை. ஒரு குடும்பத்தின் வாழ்நாட் சேமிப்பே அக்காணியாக இருக்கலாம். எனினும் உண்மையை மறைத்து விற்ற காணியில் வீடு கட்டுபவனும் எம்மூரவனே. பள்ளமெனத் தெரிந்து கட்டுபவன் அத்திவாரத்தை உயர்த்துவான். தெரியாது கட்டுபவன் கட்டிலை உயர்த்துவான். படம் மறைத்தாலும் மழை மறையாது.

ஆதலின் எம் கருத்தை ஒரு வேண்டுகோளாக முன்வைக்கின்றோம். கல்லூரியின் இவ்விழா ஆண்டின் நினைவாக, நீர்வேலியின் மட்டப் படம் ஒன்றை ஆக்கும் பணியைக் கல்லூரி மேற்கொள்ளுதல் வேண்டும். அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. மட்டம் பார்க்கும் கருவி ஒன்று, அளவுகோல் இரண்டு, வழிகாட்ட அனுபவமிக்க நில அளவையாளர் ஒருவர், ஊக்கமுள்ள மாணவர் பன்னிருவர் போதும். மட்டக்குறிக் கல்லிலிருந்து புறப்பட்டு, பெருந்தெருவாலும் ஒழுங்கைகளாலும் சென்று, சந்திகள், மதகுகளின் அடி, கோயில்களின் வாயிற்படி, பொதுக்கிணறுகளின் கட்டு, குளங்களின் கரையும் அடியும் ஆகியவற்றின் உயரங்களைக் குறித்து, புறப்பட்ட கல்லுக்கே மீள்தல் வேண்டும். மீண்டு வந்தபோது தொடக்க உயரமும் முடிவு உயரமும் ஒன்றிரண்டு சென்ரிமீற்றருக்குள் ஒத்திருந்தால் அளவை நன்று. ஒவ்வாவிடின் மறுநாள் மீண்டும் அளத்தல் வேண்டும். தன் பிழையைத் தானே காட்டித்தரும் இவ்வேலையைவிடச் சிறந்த கணிதப் பாடமும் ஒழுக்கப் பாடமும் வேறில்லை என்பது எம் துணிபு. பனையின் முடியும் வீட்டின் கூரையும் இம்முறையில் எம்மை ஏமாற்றா.

இதனோடு வெள்ளக்குறிகளைத் திரட்டலும் வேண்டும். 2008, 2020, 2024, 2025 ஆகிய ஆண்டுகளின் வெள்ளம் எந்தெந்த வீட்டில் எப்படிவரை, எத்தனை நாள் நின்றது என்று பெரியவர்களையும் தாய்மாரையும் கமக்காரரையும் கேட்டு, சுவரிலுள்ள கறையைக் கண்டு, அதன் உயரத்தையும் அளந்து பதிதல் வேண்டும். எத்தனை நாள் நீர் நின்றபின் வாழையின் வேர் அழுகிற்று என்பதைக் கமக்காரரன்றி வேறெவர் சொல்ல வல்லார்? கணினி காட்டும் நீர்மட்டமும் சுவரில் நிற்கும் கறையும் ஒத்தாலன்றி அம்மாதிரியை நம்பலாகாது. இக்குறிப்பேடு இல்லாத ஊருக்கு எத்துணை விலையுயர்ந்த மாதிரி வந்தாலும் அதனைச் சோதித்தறிய வழியில்லை.

பழைய மாணவருள் நில அளவையாளரும் பொறியியலாளரும் கணினி வல்லுநரும் உளர். சிலர் கொழும்பிலும், பலர் இலண்டன், ரொறன்ரோ, சிட்னி முதலிய நகரங்களிலும் வாழ்கின்றனர். தாம் வாழும் நாடுகளில் இவ்வேலையை நாள்தோறும் செய்பவர்களும் அவர்களுள் இருத்தல் கூடும். கட்டடத்துக்கும் மண்டபத்துக்கும் அவர்கள் உவந்தளிக்கும் பொருளில் ஒரு சிறு பகுதியும், மாதத்தில் ஒரு மாலைப்பொழுதும் இப்பணிக்கு ஈந்தாற் போதும். கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தின் துணையையும் நாடலாம். திரட்டிய உயரங்களை ஒரு பிரதி கல்லூரி நூலகத்திலும், ஒரு பிரதி வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையிலும் வைத்து, எவரும் கேட்டுப் பெறும்படி செய்தல் வேண்டும். பெட்டியிற் பூட்டிய மட்டப்படம் மட்டப்படமன்று.

அடுத்த முறை வாய்க்காலுக்குப் பணம் ஒதுக்கப்படும்போது, எம்மூரார் கைகூப்பி வாய்க்கால் கேட்பவராக மட்டும் நில்லாது, இன்ன சந்தியிலிருந்து இன்ன குளம்வரை நிலம் இத்தனை சென்ரிமீற்றர் தாழ்கின்றது, இன்ன மதகு இத்தனை அகலம் போதாது, இன்ன குளத்தை மூடலாகாது என்று எண்ணோடு பேசுபவராக நிற்றல் வேண்டும். எண்ணோடு பேசுபவனுக்கு அதிகாரியும் செவிகொடுப்பான், ஒப்பந்தக்காரனும் அஞ்சுவான். எண்ணும் எழுத்தும் கற்பித்த கல்லூரிக்கு அதனினும் தக்க கைம்மாறு யாதுளது? மாசி முதல் ஆவணிவரை நிலம் உலர்ந்து கிடக்கும். அதுவே மட்டம் பார்த்தற்கு ஏற்ற காலம். ஐப்பசி மழைக்கு முன் முதற் சுற்று அளவையேனும் முடிதல் வேண்டும்.